எங்கட ட்ரோன் ஆபிரிக்காவுக்குப் போகவில்லை

கையில் அடங்குகிற ஒரு சின்ன ட்ரோன். ஒரு பற்றரிக்கு அரை மணித்தியாலம் பறந்தாலே பெரிய விஷயம். ஆனால் அதன் பறப்புப் பதிவை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் கதை வேறு. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலில் இருந்து அது புறப்பட்டிருக்கிறது. ஒன்பதாயிரம் கிலோமீற்றரை ஒரு நொடிக்குள் கடந்து திருகோணமலை டச்சுக்குடாக் கரைக்கு வந்திருக்கிறது. வந்த வழி உட்துறைமுகத்துக்கு மேலே. நேரம், நள்ளிரவு தாண்டி 12.52.

ஆபிரிக்காவைப் பார்த்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். உட்துறைமுகத்தையும் நள்ளிரவையும் பார்த்துவிட்டுத் திருமலையில் ஒருவரும் சும்மா போகமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. ட்ரோன் வைத்திருக்கிற, வாங்க யோசிக்கிற, நண்பரிடம் கடன் வாங்கிப் பறக்கவிடுகிற எல்லாருக்கும் பறப்புப் பதிவை வாசிக்கத் தெரிந்திருக்க வேணும் என்று நினைக்கிறோம்.

இந்த ஊரின் வானம்

திருமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கடற்படைத் தளம். சீனக்குடாவில் விமானப்படைத் தளம். அதற்குப் பக்கத்தில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், 99 மிச்சம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், அதே கோட்டை வாசலால்தான் கோணேசர் கோயிலுக்கும் போக வேணும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தில். 2008 ஆகஸ்ட் 26 இரவு புலிகளின் சிறு விமானம் வந்து குண்டு போட்டதும் இதே கடற்படைத் தளத்தில். 2024 டிசம்பர் கடைசியில், திருமலைக் கடலில் மீனவர்கள் ஆளில்லா விமானம் ஒன்றைக் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தது. எங்கட ஊரில் மேலே ஏதாவது இரைந்தால் சனம் நிமிர்ந்து பார்க்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நாடு முழுக்கவும் சட்டம் இறுக்கம்தான். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து நாலு நாளில், ஏப்ரல் 25 அன்று, சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன் பறப்பை முழுதாக நிறுத்தியது. பிறகு நிபந்தனைகளோடு தளர்ந்தது. இப்போதும் அனுமதி இல்லாமல் இங்கே பறக்கவிட யோசிக்க வேண்டாம்.

நாங்கள் அனுமதி எடுத்துத்தான் போனோம். விடிய வள்ளங்கள் கரைக்கு வருவதையும் மீன் ஏலம் போவதையும் ஒரு சின்ன ஆவணப்படத்துக்காக எடுக்க வேணும். கடிதத்தில் இருந்த நிபந்தனைகள் மூன்று: கடல் பக்கம் மட்டும், காலை 6 முதல் 8 வரை, உயரம் 50 மீற்றருக்குள். மூன்றையும் கடைப்பிடித்தோம். இரண்டு கிழமை கழித்து ஒரு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, நீங்கள் பறந்த பாதையை ஒரு மேப்பில போட்டு அனுப்புங்கோ. அது காணும்."

போட்டோம். அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தோம்.

பூச்சியத் தீவு

பறப்புப் பதிவு என்பது ஒரு பெரிய அட்டவணை. ஒரு நொடிக்குப் பல நிரைகள். ஒவ்வொரு நிரையிலும் நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், வேகம், எத்தனை செய்மதி தெரிகிறது, பற்றரியில் எவ்வளவு மிச்சம், கட்டுப்படுத்தியின் குச்சிகளை எந்தப் பக்கம் தள்ளினோம் என்பதெல்லாம் நிரல் நிரலாக இருக்கும். அப்பில் நாங்கள் பார்க்கிற அழகான வரைபடம் இந்த அட்டவணையின் ஒரு சுருக்கம்தான்.

ட்ரோனை மணலில் வைத்து இயக்கினவுடன் சில பதிவுகள் எழுதப்படத் தொடங்கிவிடும். ஆனால் செய்மதிகளைப் பிடித்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்க அதற்குக் கொஞ்ச நேரம் வேணும். அதுவரை அகலாங்கு, நெட்டாங்கு நிரல்களில் என்ன எழுதுவது? வெறுமையாக விட்டிருக்கலாம். பல கருவிகள் 0, 0 என்று எழுதுகின்றன. பிரச்சினை என்னவென்றால் 0, 0 என்பது உண்மையிலேயே உலகத்தில் ஒரு இடம். மத்திய கோடும் கிறீனிச் கோடும் வெட்டுகிற புள்ளி, கினி வளைகுடாவில், தண்ணிக்கு நடுவில். வரைபடக்காரர்கள் விளையாட்டாக அதைப் பூச்சியத் தீவு என்பார்கள். உலகத்தில் இடம் தெரியாமல் போன தரவெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

வரைபட மென்பொருளுக்கு இந்தக் கதை தெரியாது. முதல் புள்ளி ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில், அடுத்த புள்ளி டச்சுக்குடாவில். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடும். முழு உலகத்தையும் பார்த்தால் பிழை கண்ணில் குத்தும். ஆனால் திருமலை அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்தால் ஆபிரிக்கா தெரியாது. மேற்கிலிருந்து உட்துறைமுகத்தைக் குறுக்கே வெட்டி, நகரத்துக்கு மேலால் கடற்கரைக்கு வருகிற ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரியும். டச்சுக்குடாவிலிருந்து மேற்கே எங்கே கோடு கீறினாலும் அது துறைமுகத்துக்கு மேலால்தான் போகும். வேறு ஊர்க்காரருக்கு இது ஒரு பகிடி. எங்களுக்கு இல்லை.

நீங்களும் இப்படி ஒரு கோட்டைக் கண்டால் மூன்று நிரல்களைப் பாருங்கள். செய்மதி எண்ணிக்கை: எங்கட பதிவில் அந்த நிரைகளில் பூச்சியம். மோட்டார் நிலை: நிறுத்தம். உயரம்: பூச்சியம். மோட்டார் சுற்றாத ட்ரோன் துறைமுகத்தைக் கடக்காது.

அழிப்பதா, விளக்குவதா

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. "அந்தப் பூச்சிய நிரைகளை அழிச்சாச் சரி. மேப் சுத்தமா வரும். இதில என்ன பெரிய கதை?" என்று ஒருத்தன். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. உலகம் முழுக்க எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், பல மென்பொருட்கள் தாமாகவே செய்துவிடும்.

இன்னொருத்தி கேட்டாள்: "நாளைக்கு மூலக் கோப்பைக் கேட்டா? நாங்கள் அனுப்பின மேப்பில இல்லாதது கோப்பில இருந்தா? துறைமுகத்துக்கு மேல இருந்த கோட்டை நாங்களே அழிச்சனாங்கள் எண்டுதானே ஆகும்?"

அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அவள் சொன்னதுதான் விஷயம். வேறு இடத்தில் தரவைச் சுத்தம் செய்வது என்று பெயர் எடுக்கிற வேலை, இங்கே ஆதாரத்தை அழித்தது என்று பெயர் எடுக்கலாம். அதனால் ஒன்று முடிவெடுத்தோம்: மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அதன் பிரதியில் மட்டும் வேலை செய்வது. எந்த நிரையை ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு பக்கத்தில் எழுதுவது. மூன்றையும் சேர்த்து அனுப்புவது.

நள்ளிரவு எங்கே இருந்து வந்தது

இது லேசானது, ஆனால் தெரியாவிட்டால் பயம் தரும். கோப்பின் பெயரில் போனின் நேரம் இருந்தது: 6.22. உள்ளே நிரைகளில் 0.52 என்று இருந்தது. செய்மதிகள் எங்கட ஊர் நேரம் பார்ப்பதில்லை. ட்ரோன் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும். இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. 0.52-ஓடு 5.30-ஐக் கூட்டினால் 6.22. விடிய ஆறேகாலுக்குக் கரையில் நின்றவர்களை அட்டவணை நள்ளிரவில் நிற்க வைத்துவிட்டது. அனுமதி காலை 6 முதல் 8 வரை என்கிறபோது இந்த ஐந்தரை மணித்தியாலம் சின்ன விஷயம் இல்லை. பதிவை யாருக்குக் கொடுத்தாலும், எந்த நேரக் கணக்கு என்று மேலே ஒரு வரி எழுதுங்கள்.

கடலுக்கு அடியில் 90 மீற்றர்

உயரத்தில் இன்னொரு வேடிக்கை. ட்ரோன் தன் உயரத்தை முக்கியமாகக் காற்றமுக்கத்தை வைத்து அளக்கிறது. கிளம்பின இடம் பூச்சியம், அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் கணக்கு. கடற்கரையில் இருந்து கிளம்பினால் இது கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலிருந்து உயரம்தான். மலையில் ஏறி நின்று கிளப்பிவிட்டுக் கீழே இறக்கினால் உயரம் மைனஸில் போகும். அது கோளாறு இல்லை.

ஆனால் சில கோப்புகளில் செய்மதி தருகிற உயரம் தனியாக இருக்கும். அது பூமியை ஒரு ஒழுங்கான நீள்கோளமாக வைத்து, அதன் மேற்பரப்பிலிருந்து அளப்பது. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு பொருந்தாது, சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. உலகத்திலேயே மிக அதிகமாகக் கீழே போகிற இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 106 மீற்றர் கீழே. திருமலையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. எங்கட கடற்கரை மணலின் உயரம் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட மைனஸ் 90 மீற்றர். 40 மீற்றரில் பறந்த ட்ரோன் கடலுக்கு அடியில் 50 மீற்றரில் ஓடின மாதிரிக் காட்டும். ஐரோப்பாவில் எழுதின வழிகாட்டிகளை வாசித்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. அங்கே கடல்மட்டம் பொதுவாக அந்தக் கோளத்துக்கு மேலே. எங்கட பக்கத்தில் இதைத் தெரியாமல் உயரத்தைப் பற்றிக் கதைக்கவே ஏலாது.

மாலையில் பறப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் அந்தத்தைத் தொட்டுப் போகிறது. கேரளாவில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று இந்தியா முதல் ரொக்கெற் விட்டது இந்தக் காரணத்தால்தான். திருமலையும் ஏறக்குறைய அதே அகலாங்கு. இந்தப் பட்டியில் சூரியன் மறைந்து சில மணித்தியாலங்களுக்கு மேல்வளிமண்டலம் கொந்தளிக்கும், முக்கியமாகப் பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும். செய்மதிச் சமிக்ஞை ஆடும். பொழுதுபட்ட பிறகு பதிவில் செய்மதி எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் ட்ரோனை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

காணாமல் போன 38 நொடி

மேலே சொன்னவை எல்லாம் பதிவு பிழையாகப் பேசின இடங்கள். கஷ்டமானது, அது பேசாமல் விட்ட இடம். எங்கட பதிவில் நடுவில் 38 நொடிக்கு நிரையே இல்லை.

காரணம் சாதாரணமானது. அப் எழுதுகிற பதிவு ட்ரோனுக்குள் எழுதப்படுவது இல்லை. ட்ரோன் வானொலி அலையில் அனுப்புவதைப் போன் வாங்கி எழுதுகிறது. நடுவில் தொடர்பு அறுந்தால், அல்லது போனில் அழைப்பு வந்து அப் பின்னுக்குப் போனால், எழுத்து நிற்கும். ட்ரோன் தன்பாட்டுக்குப் பறந்துகொண்டே இருக்கும். அது உள்ளே தனக்கென்று ஒரு பதிவு வைத்திருக்கும், ஆனால் அதைப் பொதுவாகத் தயாரித்த நிறுவனம்தான் திறந்து வாசிக்கும்.

அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நிரப்பத்தான் வேணும். முதலில் கணக்கு. இடைவெளிக்கு முன் கடைசிப் புள்ளி கரையிலிருந்து 300 மீற்றர் கடலுக்குள்ளே. பின் முதல் புள்ளி அதிலிருந்து 140 மீற்றர் தள்ளி, அதுவும் கடலில். எங்கட ட்ரோனின் ஆகக் கூடின வேகம் நொடிக்கு 16 மீற்றர். 38 நொடியில் 608 மீற்றர். போய்த் திரும்பி அந்தப் புள்ளிக்கே வரவும் வேணும் என்றால், தொடங்கின இடத்திலிருந்து 374 மீற்றருக்கு மேல் எந்தப் பக்கமும் போயிருக்க முடியாது. எப்படி விரட்டியிருந்தாலும் கரையை மட்டுமட்டாய்த் தொட்டிருக்கும். துறைமுகத்தை இல்லை.

2014 மார்ச் 8 அன்று மறைந்த எம்.எச்.370 விமானத்தின் கறுப்புப் பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை. அது தெற்கு இந்து சமுத்திரத்துக்குப் போனது என்று கணித்தது, விமானமும் செய்மதியும் இடைக்கிடை பரிமாறின சின்னச் சமிக்ஞைகளின் நேரத்தையும் அலைவரிசையையும் வைத்துத்தான். பெரிய விமானத்துக்குச் செய்த அதே யோசனையைச் சின்ன ட்ரோனுக்கும் செய்யலாம்: தெரிந்த புள்ளிகளை வைத்து, எங்கே போயிருக்கவே முடியாது என்று காட்டுவது.

அடுத்தது வீடியோ. பல ட்ரோன்களில் வீடியோவோடு வசனக் கோப்பு ஒன்றையும் எழுதச் சொல்லி அமைப்பில் போடலாம். படத்துக்குக் கீழே தமிழ் வசனம் ஓடுகிற அதே வகைக் கோப்புத்தான், இதில் வசனத்துக்குப் பதில் இடமும் உயரமும் இருக்கும். இது ட்ரோனில் இருக்கிற அட்டையிலேயே எழுதப்படுவதால் போன் தொடர்பு அறுந்தாலும் நிற்காது. எங்கட 38 நொடியும் அதற்குள் இருந்தது: 35 மீற்றர் உயரம், கீழே இரண்டு வள்ளம், ஒரே திசை. இரண்டு கோப்பின் மணிக்கூடும் கொஞ்சம் விலகியிருந்தால், ட்ரோன் சடாரென்று திரும்பின ஒரு இடத்தை இரண்டிலும் தேடிப் பிடித்துப் பொருத்துங்கள்.

கோப்பு யாரிடம்

பதிவை வாசிக்கிறதுக்கு முதல் அதைக் கையில் எடுக்க வேணும். ஆண்ட்ரொய்ட் 11-க்குப் பிறகு, ஒரு அப் தன் கோப்புகளை வைக்கிற கோப்புறையைப் போனிலேயே திறந்து பார்ப்பது கஷ்டம். வயரைப் போட்டுக் கணினியில் இணைத்து எடுங்கள். அதைவிட முக்கியம்: அப் மக்கர் பண்ணுகிறது என்று அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றாதீர்கள். அப் போகும்போது அந்தக் கோப்புறையும் போய்விடும், பதிவுகளும் போய்விடும். பறந்து முடிந்ததும் மோட்டார் நின்று, அப் கோப்பை முடித்து மூடும்வரை கொஞ்சம் பொறுத்து நிறுத்துங்கள். அன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும்தானே என்று நம்பியிருக்க வேண்டாம். 2024 ஜூனில் டிஜேஐ நிறுவனம் அமெரிக்கப் பயனர்களுக்குப் பதிவுகளைத் தன் சேவையகத்தோடு ஒத்திசைக்கிற வசதியை நிறுத்தியது. அங்கே அது தனியுரிமைக் கதை. ஆனால் எங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது, கொடுத்தவர் நிறுத்தவும் முடியும். இப்போது வருகிற பல பதிவுகள் குறியாக்கம் செய்யப்பட்டவை வேறு. எங்கட ட்ரோன், எங்கட போன், நாங்கள் பறந்த பாதை, ஆனால் வாசிக்கிற சாவி வேறொருவரிடம்.

இன்னொன்று. பதிவை வாசிக்க முடியவில்லை என்று பொது இணையத்தளங்களில் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நீங்கள் எங்கிருந்து கிளம்பினீர்கள் என்பது அதற்குள் இருக்கும். வீட்டு முற்றத்தில் ஒருக்கால் பரிசோதித்திருந்தால் வீடும் இருக்கும்.

பதிவில் இல்லாதது

கோப்பு, வரைபடம், ஒரு பக்க விளக்கம் மூன்றையும் அனுப்பினோம். நாலு நாள் கழித்து அழைத்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த ஆபிரிக்காக் கோட்டை நீங்கள் அழிச்சிட்டு அனுப்பியிருக்கலாமே?" ஏன் அழிக்கவில்லை என்று சொன்னோம். "சரி" என்றார். அடுத்த மாத அனுமதியும் வந்தது.

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. கரையில் இருந்த ஒரு ஆச்சி, ட்ரோன் வந்த உடனே எழும்பிக் கூரைக்குக் கீழே போகிறா. அடுத்த முறை போனபோது கதைத்தோம். மகளோடு கடைசிக் காலத்தில் வன்னியில் இருந்தவவாம். அங்கே வேவு விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொல்லும். வண்டு சுத்தினால் பின்னால் செல் வரும் என்று ஒரு கணக்கு. "நீங்கள் படம்தான் எடுக்கிறியள் எண்டு தெரியும் பிள்ளை. காலுக்குத்தான் தெரியேல்லை."

எங்கட அட்டவணையில் அந்த நொடிக்கும் நிரை இருக்கிறது. செய்மதி 17, உயரம் 31 மீற்றர், பற்றரி 64 வீதம். எல்லாம் சரி, எல்லாம் அனுமதிக்குள்ளே. அலுவலகத்துக்குப் பதில் சொல்ல அது காணும். ஆச்சிக்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

லொக் என்ற சொல்லே கப்பலில் இருந்து வந்ததுதான். அந்தக் காலக் கப்பல்காரர் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போட்டு, மணல் கடிகாரம் ஒழுகி முடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி வேகம் பார்த்தார்கள். அந்தக் கட்டையின் பெயர்தான் லொக். எண்ணினதை எழுதின புத்தகம் லொக் புத்தகம். ஆனால் அந்தப் புத்தகத்தில் வேகம் மட்டும் இருக்காது. காற்று, மழை, யார் ஏறினது, யாருக்குச் சுகமில்லை என்று கையால் எழுதின குறிப்பும் இருக்கும்.

நாங்களும் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பக்கம். திகதி, உள்ளூர் நேரம், கோப்பின் பெயர், பிரதி எங்கே இருக்கிறது. கீழே இரண்டு கேள்வி: கரையில் யாரிடம் சொன்னோம்? யார் வேண்டாம் என்றார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்த ஒரு காலையில் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கையில் கமராவோடு வள்ளத்தடிக்குப் போனோம். படத்தில் எங்களுக்குப் பிடித்த காட்சி அன்றைக்கு எடுத்ததுதான்.